ஹேண்ட்லர் மாறினால் மோப்ப நாய் ஏன் வேலையைத் தவற விடுது?

கொட்டாஞ்சேனைக்காற்று | ஞாயிறு, இரவு 8.12

வெடிபொருள் மோப்ப நாய் பற்றி ஒரு கேள்வி. மூண்டு வயது மலினோவா (பெல்ஜிய ஷெப்பேர்ட் வகை), ரெண்டு வருசமா ஒரே ஹேண்ட்லரோட, அதாவது அதை நடத்துற ஆளோட, வேலை செய்தது எண்டு வைப்பம். அவருக்கு இடமாற்றம் வந்திட்டுது. புதுசா வாற ஆளும் அனுபவம் உள்ள ஆள்தான். நாய் சாப்பிடுது, நடக்குது, இரு எண்டா இருக்குது. ஆனா தேடலுக்கு இறக்கினா பத்தடிக்கு ஒருக்கா திரும்பிப் பார்க்குது, பயிற்சிக்கு ஒளிச்சு வைச்ச வெடிபொருள் மாதிரியைத் தாண்டிப் போகுது. "துக்கம்" எண்டு ஒருத்தர் சொல்லுறார், "பிடிவாதம்" எண்டு இன்னொருத்தர். எது சரி? எத்தினை நாள் குடுக்க வேணும்? கொழும்பு வெக்கையையும் கணக்கில எடுத்துச் சொல்லுங்கோ.

பழையலீஷ் | ஞாயிறு, இரவு 9.05

திரும்பிப் பார்க்குது என்று நீங்கள் எழுதினதிலேயே விடை இருக்கிறது. அது கேள்வி கேட்கிறது. பழைய ஆள் வலது தோளைக் கொஞ்சம் சாய்த்தால் "இந்தப் பக்கம் பார்", லீஷை (நாய்க் கயிற்றை) தளர விட்டால் "நீயே போ". ரெண்டு வருசத்தில் இப்படி நூறு சைகை நாய்க்குப் பழகியிருக்கும். அதில் பாதியை அந்த ஹேண்ட்லரே அறிந்து செய்திருக்க மாட்டார், ஆகவே ஒப்படைப்புக் குறிப்பிலும் எழுதியிருக்க மாட்டார். புது ஆளின் உடம்பு வேறு பாஷை பேசுகிறது. துக்கம் இருக்கலாம். முதல் ரெண்டு மூன்று நாள் சாப்பாட்டை விட்டு வைக்கிற நாய்கள் உண்டு. ஆனால் சாப்பிட்டு நடந்துகொண்டு தேடலில் மட்டும் தடுமாறினால் அது பாஷைப் பிரச்சினை.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது.

முதல் மூன்று நாள் கட்டளையே வேண்டாம். காலை, மாலை இரண்டு வேளைச் சாப்பாடும் புது ஆளின் கையால் மட்டும். கெனல் உதவியாள் பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டுப் போகிற பழக்கம் அந்த நாட்களில் கூடாது. கூண்டுக்குள் போய்ச் சும்மா இருங்கள், பக்கவாட்டில் திரும்பி, கண்ணை நேரே பார்க்காமல். பிறகு தூரிகை போடுவது, காது பார்ப்பது, கால் விரலிடுக்குப் பார்ப்பது. நடை 20 நிமிசம், நாய் மணக்க விரும்புகிற இடத்தில் நிற்க விட வேண்டும்.

நாலாம் நாளிலிருந்து கட்டளை, விளையாட்டோடு சேர்த்து. இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் மலினோவா பலதுக்கு டச்சு, ஜெர்மன் சொற்கள்தான் தெரியும்: விடு என்பதற்கு "லோஸ்", தேடு என்பதற்கு "ஸூக்", அப்படியே நில் என்பதற்கு "ப்ளைஃப்". சொல் தாளில் இருக்கும், தொனி இருக்காது. பழைய ஆள் "லோஸ்" என்பதைக் கட்டையாக, தாழ்ந்த குரலில் சொல்லியிருப்பார். புது ஆள் "லோ...ஸ்" என்று இழுத்தால் நாய்க்கு அது வேறு சொல். இடமாற்றத்துக்கு முன்னம் பழைய ஆளின் ஒவ்வொரு கட்டளையையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பத்து நிமிச வேலை, ரெண்டு கிழமை மிச்சம்.

ரெண்டாம் கிழமை மோப்பம். குழந்தைக்கு வைக்கிற கணக்கில் லேசான ஒளிப்புகள், கண்டவுடன் கூலி. ஒளித்து வைத்து அரை மணித்தியாலமாவது விட வேண்டும், மணம் வெளியே பரவ. நாய் மாதிரியை நோக்கி மூக்கை வைத்து உட்கார்ந்தவுடன் பந்து அந்த இடத்திலிருந்தே துள்ளி வருகிற மாதிரி எறிய வேண்டும். ஒரு செக்கன் தாண்டினால் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது பந்து கொடுத்தால் முகத்தைப் பார்த்ததற்கே கூலி கொடுத்ததாக முடியும். நீங்கள் சொன்ன "திரும்பிப் பார்க்கிற" பழக்கம் அப்படித்தான் ஊறுகிறது.

பந்து றப்பராக இருக்கட்டும். டென்னிஸ் பந்தின் பஞ்சில் மண் ஒட்டி அரம் மாதிரிப் பல்லைத் தேய்க்கும்.

அதன் பிறகு நாயும் புது ஆளும் சேர்ந்து புதிய சோடியாகச் சோதனை. நாய் தேறியிருக்கிறது, ஆளும் தேறியிருக்கிறார் என்பது போதாது. சான்றிதழ் சோடிக்குத்தான்.

கெனல்மணி | ஞாயிறு, இரவு 9.48

பழையலீஷ் அண்ணை சொன்ன ஒழுங்கு சரி. ஆனா எல்லாத்தையும் "உறவு" எண்டு ஊதிப் பெருப்பிக்கிறதிலதான் எனக்கு உடன்பாடில்லை. நாய் பந்துக்கு வேலை செய்யுது. பந்தைப் புது ஆள் ஒழுங்காக் குடுத்தா நாலு நாளில புது ஆளிட்டையும் வேலை செய்யும். ஆப்கானிஸ்தான் ஹெல்மண்டில 1 மார்ச் 2011 அன்று பிரிட்டிஷ் ஆமி லான்ஸ் கோப்ரல் லியாம் டாஸ்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவற்றை நாய் தியோ, 22 மாச ஸ்பானியல் கலப்பு, அண்டைக்கே சில மணித்தியாலத்தில வலிப்பு வந்து செத்தது. உலகம் முழுக்க "நெஞ்சு வெடிச்சுச் செத்தது" எண்டு எழுதித் தள்ளிச்சினம். அஞ்சு மாசத்தில 14 கண்டுபிடிப்பு செய்த நாய் அது, 2012இல போர்ப்பணி விலங்குகளுக்குக் குடுக்கிற டிக்கின் பதக்கம் குடுத்தவை. அந்த 14ஐப் பற்றி ஆரும் கதைக்கிறேல்ல, நெஞ்சு வெடிச்ச கதைதான் ஓடுது.

பேராதனைப்படி | ஞாயிறு, இரவு 10.20

தியோ விசயத்தில் கெனல்மணியோடு உடன்படுகிறேன். வலிப்பைத் துக்கம் என்று எழுதுவது கவிதை, மருத்துவம் இல்லை. ஆனால் "பந்து மட்டும்" என்பதற்கு எதிரே அளந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன.

2007இல் பெல்ஜிய இராணுவத்தில் 303 ஹேண்ட்லர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து ஓர் ஆய்வு வெளியானது. நாயை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களின் நாய்களும், வேலைக்கு வெளியே ஒன்றாக விளையாட்டுப் பயிற்சி செய்கிறவர்களின் நாய்களும் கூடுதலாகக் கீழ்ப்படிந்தன, மனிதரோடு நன்றாகப் பழகின.

2008இல் ஹங்கேரியில் இன்னொன்று. எல்லைக் காவல் நாய்கள், பொலிஸ் நாய்கள் இரண்டையும் தத்தம் ஹேண்ட்லரோடு மூன்று நிமிசம் விளையாட விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் (மன அழுத்தத்தில் கூடுகிற ஹோர்மோன்) பார்த்தார்கள். சும்மா கொஞ்சி விளையாடிய ஹேண்ட்லர்களின் நாய்களில் அது இறங்கியது. விளையாட்டின் நடுவிலும் "இரு", "விடு" என்று அதட்டிக்கொண்டிருந்தவர்களின் நாய்களில் ஏறியது. இரண்டு பக்கமும் பந்து பந்துதான். பந்தைப் பிடித்திருந்த ஆள்தான் வித்தியாசம்.

கெனல்மணி | ஞாயிறு, இரவு 10.41

ஹங்கேரி ஆய்வு நல்லது, ஏற்கிறன். வீட்டுக்குக் கொண்டுபோற கதை இங்க எடுபடாது. வெள்ளவத்தையில நாலாம் மாடி ஃபிளாட்டில 30 கிலோ மலினோவாவை வைச்சிருந்தா லிஃப்டில வாற பக்கத்து வீட்டுப் பிள்ளையை முதல் நாளே தள்ளி விழுத்தும்.

பழையலீஷ் | திங்கள், காலை 6.30

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரு நாளில் இருபது நிமிசம், கட்டளையில்லாமல், கூலியில்லாமல் நாயோடு இருக்கிற நேரம் போதும். சீருடை மாற்றிச் சாறனோடு வந்து கூண்டுப் படியில் இருந்தாலும் சரி. ஆனால் ஒவ்வொரு நாளும். ஒரு கிழமை விட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் இருந்து ஈடு கட்ட ஏலாது.

அமெரிக்க ஆமியில் நாய்க்கு ஹேண்ட்லரை விட ஒரு ரேங்க் கூட என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சட்டத்தில் இல்லாத வழக்கம்தான். ஆனால் நாயை அடித்தால் மேலதிகாரியை அடித்த மாதிரி என்று புதுப் பையன்களுக்குப் பதிய வைக்க வசதியான பகிடி.

முகாம்புறா | திங்கள், காலை 7.15

நெருக்கம் கூடினால் வருகிற கெடுதலை ஒருவரும் சொல்லவில்லை. ஹேண்ட்லரின் மனதை நாய் படிக்கத் தொடங்கினால் மூக்கை மூடிவிட்டுக் கண்ணால் வேலை செய்யும்.

2011இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல பாடம். 18 சோடிகள். ஒரு தேவாலயக் கட்டடத்தின் அறைகளில் மணம் ஒளித்திருக்கிறது, சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டிக் குறித்திருக்கிறது என்று ஹேண்ட்லர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் எங்கும் ஒன்றுமே இல்லை. 144 தேடல்களில் பிழையான அறிவிப்பு இல்லாமல் முடிந்தவை 21 மட்டும். சிவப்புத் தாள் இருந்த இடங்களில் "நாய் அறிவித்தது" என்று ஹேண்ட்லர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். நாய் தாளைக் கண்டு அறிவிக்கவில்லை; தாளைக் கண்ட ஆள் நின்றார், மூச்சைப் பிடித்தார், அல்லது நாய் சும்மா நின்றதையே அறிவிப்பு என்று எடுத்தார்.

21 ஏப்ரல் 2019க்குப் பிறகு கொழும்பில் தேவாலய வாசல், ஹோட்டல் வாசல் என்று மோப்ப நாயைப் பார்க்காதவர் குறைவு. அப்படியான இடத்தில் பிழையான அறிவிப்பு ஒன்று என்றால் ஆயிரம் பேரை வெளியேற்றுகிற விசயம். தவற விட்டால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாகனத் தேடலை வைத்தே சொல்கிறேன், அங்கேதான் கை காட்டிக் கெடுப்பது அதிகம்:

முதலில் காற்று. சின்னப் பவுடர் குப்பியை அமத்திப் பாருங்கள், தூள் எந்தப் பக்கம் போகிறது என்று. காற்று போய்ச் சேருகிற மூலையில் தொடங்க வேண்டும், மணம் நாயை நோக்கி வரும். பேஸ்மன்ட் கார் பார்க்கில் காற்று சாய்தளத்தால் இறங்கி, லிஃப்ட் கதவுப் பக்கமும் ஏசி உறிஞ்சும் பக்கமும் போகும். மேலே ரோட்டில் பார்த்த திசையை நம்பக் கூடாது. இப்போதுதான் ஓடி வந்த வாகனத்தில் எஞ்சின் சூடு மணத்தைப் புகைக்கூடு மாதிரி மேலே தூக்கிவிடும். பத்து நிமிசமாவது ஆற விடுங்கள்.

ஒரே வேகத்தில் நடங்கள். சக்கரக் குழி, கதவு இடுக்கு, பம்பர் மடிப்பு, பெட்ரோல் மூடி, டிக்கி விளிம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் கை காட்டலாம். இரண்டாம் தரம் அதே இடத்தைக் காட்டினால் நாய்க்கு "இங்கே இருக்கு, சொல்லு" என்று அர்த்தம். லீஷ் தளர்ந்து, அரை வட்டமாகத் தொங்க வேண்டும். நாய் தலையைத் திருப்பி மூச்சை மாற்றினால் நீங்கள் தொடர்ந்து நடங்கள். உண்மையான மணம் என்றால் லீஷ் இறுகினாலும் நாய் உங்களைப் பின்னுக்கு இழுத்து நிற்கும்.

பயிற்சியில் ஒளித்த ஆள் அறையில் நிற்கவே கூடாது, ஹேண்ட்லருக்கும் தெரியக் கூடாது. வெறும் அறைகளும் வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் ஏதாவது கிடைக்கும் என்று பழகின நாய், ஒன்றும் இல்லாத இடத்தில் கடைசியில் உங்களைச் சந்தோசப்படுத்த எங்காவது உட்காரும். இன்னொன்று, மாதிரியைத் தொட்ட கையுறையாலேயே வெற்றுப் பெட்டியையும் வைத்தால் எல்லாம் நாறிப் போகும். அதேபோல ஹேண்ட்லர் தொட்ட பெட்டியில் மட்டும் வெடிபொருள் இருந்தால், நாய் ரி.என்.ரி.யைத் தேடாது, ஹேண்ட்லரின் கையைத் தேடும்.

கொட்டாஞ்சேனைக்காற்று | திங்கள், பகல் 12.02

கடைசி வசனம் சுடுது. பழைய ஆள்தான் எல்லா மாதிரியையும் ஒளிச்சு வைக்கிற வழக்கம் எண்டா?

முகாம்புறா | திங்கள், பகல் 12.20

அப்படியென்றால் தாண்டிப் போனதற்குப் பாதிக் காரணம் அதுவே. நாய்க்கு ரெண்டு வருசமாக "வெடிபொருள் + அவருடைய கை" என்பது ஒரே மணம். கிடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஆள் வைக்க வேண்டும். வெற்றுப் பெட்டிகளையும் அதே ஆட்கள் தொட வேண்டும். ரி.என்.ரி., ஆர்.டி.எக்ஸ்., அமோனியம் நைத்திரேற்று மூன்றையும் ஒரே அலுமாரியில் வைத்தால் ஒன்றின் மணம் மற்றதில் ஏறும். தனித்தனிப் பெட்டி, தனித்தனிக் கிடுக்கி.

தெஹிவளை மிருக வைத்தியர் | திங்கள், மாலை 6.45

வெக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

மூச்சிரைக்கிற நாயால் மணக்க முடியாது. மோப்பம் என்பது செக்கனுக்கு ஐந்து தரம் அளவில் மூக்கால் இழுக்கிற குட்டிக் குட்டி மூச்சு. வாயைத் திறந்து இரைக்கும்போது காற்று வாயால் போகிறது, மணம் உணரும் இடத்துக்குப் போவதில்லை. கொழும்பில் ஏப்ரல் மாசம், காற்று அசையாமல், ஈரப்பதனும் கூட. இரைத்து உடம்பை ஆற்றுகிற வழி ஆவியாதல்தான், ஈரக் காற்றில் அது எடுபடாது. எனவே நாய் "பிடிவாதம்" என்று தோன்றுகிற பல தேடல்கள் பகல் 11க்கும் 3க்கும் இடையில் நடக்கின்றன. இருபது நிமிசம் வேலை, நிழலில் அதே அளவு ஓய்வு, முடிந்தால் காலை 9க்கு முன்.

தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு செக்கன் எண்ணுங்கள். வைக்க முடியவில்லையா, நாயும் நடக்கக் கூடாது.

ஓய்வில் இருக்கிற நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39.2 பாகை. வேலையில் 40ஐத் தாண்டிப் போவது சாதாரணம், நாய் தெளிவாக இருந்து ஓய்வில் இறங்கினால் பயமில்லை. 41க்கு மேலே, அதோடு தடுமாற்றம், வாந்தி, கூப்பிட்டால் கேளாமை இருந்தால் அது வெப்பத் தாக்கு. அதற்கு முன்னமே நாக்கு சொல்லும்: அகன்று, நுனி கரண்டி மாதிரி விரிந்து மேலே மடங்கும், கடைவாய் பின்னுக்கு இழுபட்டுக் கடைவாய்ப் பல் தெரியும், பந்தை எறிந்தால் போய் எடுத்துவிட்டு நிழலில் படுக்கும். அந்த நிமிசத்தில் நிறுத்துங்கள்.

ஆற்றுவது இடத்திலேயே, வாகனத்தில் ஏற்ற முன்னம். தலை தெளிவாக இருக்கிற நாயை வாளித் தண்ணீருக்குள் தானாகத் தலையை முக்கப் பழக்கி வைத்திருந்தால் அதுவே வேகமான வழி; பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பணிநாய் நிலையம் 2024இல் இதை மற்ற முறைகளோடு ஒப்பிட்டு வெளியிட்டது. வாளியின் அடியில் பந்தைப் போட்டு எடுக்கப் பழக்குவது சுலபம். மயங்கின நாய்க்கு இது கூடவே கூடாது, தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். அதற்கு வயிறு, அக்குள், தொடையிடுக்கு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி விடாதீர்கள், சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் வெப்பமானி. 39.4க்கு வந்தால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் ஊற்றினால் தேவைக்கு மேல் குளிர்ந்து போகும். எழும்பி நடந்தாலும் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். குடலும் சிறுநீரகமும் இரத்தம் உறைதலும் அடுத்த நாள்தான் குழம்பும்.

30 கிலோ நாய்க்கு வேலையில்லாத நாளிலேயே ஒன்றரை லீற்றர் அளவில் தண்ணீர் தேவை, வேலை நாளில் இரட்டிப்பும் போகும். வேலை இடத்தில் குடிக்க மறுக்கிற நாய்க்கு உப்புப் போடாத கோழி அவித்த தண்ணீர் ரெண்டு மேசைக்கரண்டி கலந்தால் குடிக்கும். புது ஹேண்ட்லரிடம் முதல் கிழமைகளில் குடிக்காமல் விடுவதும் உண்டு, அளந்து எழுதி வையுங்கள்.

ஏசி போட்டு நிறுத்தின வாகனத்தில் நாயை விட்டுப் போவது மிகப் பெரிய ஆபத்து. எஞ்சின் நின்றால் உள்ளே பத்து இருபது நிமிசத்தில் அடுப்பு. சூடு கூடினால் ஹோர்ன் அடிக்கிற கருவி பூட்டாத வாகனத்தில் நாயை விட வேண்டாம்.

கெனல்மணி | திங்கள், மாலை 7.10

டொக்டர், உண்ணிக் காய்ச்சலையும் எழுதுங்கோ. "வேலை செய்ய மனமில்லை" எண்ட நாயில பாதி உண்ணிக் காய்ச்சல்தான்.

தெஹிவளை மிருக வைத்தியர் | திங்கள், இரவு 8.30

சரியாகச் சொன்னீர்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ஆமியின் ஜெர்மன் ஷெப்பேர்ட்கள் நூற்றுக்கணக்கில் செத்தது குண்டுபட்டு இல்லை. மூக்கால் இரத்தம் வடிந்து, இரத்த அணுக்கள் எல்லாம் குறைந்து செத்தன. எர்லிக்கியா, கபில நிற நாய் உண்ணி காவி வருகிற கிருமி. அந்த இனத்துக்கு அது மற்ற இனங்களை விடக் கொடுமையாக வரும். அதே உண்ணிதான் இங்கேயும். கெனல் சுவர் வெடிப்பில், கூரை மூலையில் முட்டை இடும், ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பிரயோசனமில்லை. வெடிப்பைச் சீமெந்தால் அடைக்க வேண்டும்.

இங்கேதான் ஹேண்ட்லரின் கை. ஒவ்வொரு மாலையும் காது மடிப்புக்குள், கழுத்துப்பட்டிக்குக் கீழே, அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பயறு மாதிரி உருண்டால் உண்ணி. மேல் உதட்டைத் தூக்கி முரசை அமத்துங்கள்: வெளிறி, இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பார்க்கிற கைக்கு "நேற்றை விட வெளிறல்" என்று தெரியும். கிழமைக்கொரு ஆள் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. புது ஹேண்ட்லருக்கு அந்த ஒப்பீடு இல்லை. இடமாற்ற நாளன்றே இரத்தப் பரிசோதனை செய்து கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியத்துக்கு டொக்சிசைக்கிளின், கிலோவுக்கு 10 மி.கி. நாளொன்றுக்கு, 28 நாள், சாப்பாட்டோடு. ஐந்தாம் நாள் துள்ளத் தொடங்கும், அப்போது நிறுத்துகிறவர்கள்தான் மூன்று மாசத்தில் திரும்பி வருகிறார்கள்.

இன்னொரு விசயம், மோப்ப நாய்க்காரர் கட்டாயம் அறிய வேண்டியது. 2016இல் வெளியான ஆய்வொன்றில் 18 வெடிபொருள் நாய்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்தார்கள், கிலோவுக்கு 25 மி.கி., நாளுக்கு இரு தரம், 10 நாள். பாதி நாய்களில் மோப்பத் திறன் குறைந்தது. டொக்சிசைக்கிளினுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வயிற்றோட்டத்துக்கு இங்கே முதலில் எழுதுவது மெட்ரோனிடசோல்தான். கொடுக்க வேண்டி வந்தால் கொடுங்கள், ஆனால் நாயை வேலையிலிருந்து எடுத்துவிட்டு. பிறகு தேடலில் சோதித்துப் பார்த்து இறக்குங்கள். இடமாற்றத்தில் வயிறு குழம்புவதும் வழமை, அதுவும் இதுவும் சேர்ந்தால் "புது ஆளோடு வேலை செய்யுதில்லை" என்றுதான் கோப்பில் விழும்.

முகாம்புறா | திங்கள், இரவு 9.15

ஒருவேளை ஹேண்ட்லர் காயப்பட்டு விழுந்தால்? நெருக்கமான நாய் அவரைச் சுற்றி நின்று, மருத்துவ உதவிக்கு வருகிறவரையே கடிக்கும். குழுவில் இன்னும் ஒருவராவது நாயிடம் பழகியிருக்க வேண்டும்: கிழமைக்கு ரெண்டு தரம் சாப்பாடு கொடுத்து, லீஷைப் பிடித்து நடந்து, வாய்க்கூடு போட்டுக் கழற்றி. வாய்க்கூட்டை அடிபட்ட நாளில் முதல் தரம் போட முடியாது. கூட்டுக்குள் சாப்பாட்டைப் போட்டுத் தானாக மூக்கை நுழைக்கப் பழக்க வேண்டும். காயப்பட்ட நாய் தன் ஹேண்ட்லரையே கடிக்கும், அதற்கும் இதே கூடு. வாந்தி, மூச்சுத் திணறல், வெப்பத் தாக்கு என்றால் மட்டும் வாயைக் கட்டக் கூடாது.

வடக்குவெயில் | செவ்வாய், காலை 5.50

கண்ணிவெடி நாய் கதை வேறை, ரெண்டையும் குழப்பாதேங்கோ. இலங்கை ஆமியின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் பிரிவுக்கு அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் நாய் குடுத்தது. 2017 டிசம்பரில நாடு மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது. முகமாலைப் பக்கம் கிடக்கிற மிதிவெடியில பாகிஸ்தான் பி4, அதைப் பார்த்துப் பிளாஸ்ரிக்கில செய்த ரங்கன் 99, மரப்பெட்டி ஜொனி 95. உலோகம் குறைவு, கருவிக்கு உபத்திரவம்.

நாய் அதில மணக்கிறது பெரும்பாலும் ரி.என்.ரி. இல்லை, அதோட கலந்து கிடக்கிற டி.என்.ரி., ஆவி கூட வாறது அதுதான். மண்ணில ஊறி மேலை வரக் காலம் எடுக்கும். அதாலை நேற்றுப் புதைச்ச மாதிரியில பயிற்சி குடுத்துப் பிரயோசனமில்லை, மாசக் கணக்கில கிடக்க வேணும். ஒரு நாய் பார்த்த நிலத்தை ரெண்டாவது நாயும் தனியாப் பார்க்கும். கண்டா அசையாம இருக்க வேணும், காலால கிண்டுற நாய்க்கு அங்கை இடமில்லை. பத்து மீற்றர் லீஷில, காலமை தொடங்கி வெயில் ஏறுமட்டும் ஒண்டுமே கிடைக்காம மூக்கை மண்ணில வைச்சு நடக்க வேணும். பந்து ஒண்டுக்காக அது நடக்காது, கெனல்மணி. நடுவில பாதுகாப்பான நிலத்தில தெரிஞ்ச மாதிரி ஒண்டு வைச்சுக் கூலி குடுத்தாத்தான் அடுத்த பெட்டிக்கு (தேடப் பிரிச்ச நிலத் துண்டுக்கு) போகும். அதை எப்ப வைக்கிறது எண்டு நாயின்ரை வால் உயரத்தைப் பார்த்துச் சொல்லுறவர்தான் ஹேண்ட்லர்.

கெனல்மணி | செவ்வாய், காலை 7.40

அண்ணை, வால் உயரத்துக்குத் தோத்துப் போறன். ஆனா பந்தை விடமாட்டன்.

ஓய்வு பெறுறதைப் பற்றியும் ஒரு வரி. எட்டு, பத்து வயதில ஷெப்பேர்டுக்கு இடுப்பெலும்பும் முள்ளந்தண்டின் கீழ்ப்பக்கமும் போகும். வாகனத்தில பாயாம முன்னங்காலை மட்டும் வைச்சு நிண்டா அதுதான் முதல் அறிகுறி. வியட்நாமுக்குப் போன ஏறக்குறைய 4000 அமெரிக்க நாயில திரும்பினது 200 அளவில. செத்தது போக மிச்சத்தில பலதை உபகரணம் எண்டு கணக்கெழுதி விட்டிட்டு வந்தவை. 2000ஆம் ஆண்டு நவம்பரில கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் ஆக்கள் வீட்டுக்கு எடுக்கலாம் எண்டு வந்தது. இங்க ஆரும் எடுத்தா ஒண்டு: சாப்பாட்டைப் பாத்திரத்தில போடாம வீட்டுக்குள்ள நாலு இடத்தில ஒளிச்சு வையுங்கோ. வேலை இல்லாத மூக்கு கதிரையைக் கிழிக்கும். பந்தைப் பிள்ளையள் எடுக்க விடாதேங்கோ.

டிசம்பர் 31இலயும் சித்திரை வருசத்திலயும் சீனவெடி. துவக்குச் சத்தத்துக்குப் பழகின நாய் எண்டு அலட்சியம் வேண்டாம். போர்க்களம் கண்ட நாய்க்கு மனவடு எண்டு அமெரிக்காவின்ரை லாக்லண்ட் படைத்தளத்து மிருக வைத்தியர்மார் 2011 அளவில சொல்லத் தொடங்கினது இதைத்தான்.

கொட்டாஞ்சேனைக்காற்று | செவ்வாய், இரவு 8.55

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ரெண்டு கேள்வி. பழைய ஹேண்ட்லர் இடைக்கிடை வந்து பார்க்கலாமா? அவற்றை பழைய ரீசேட்டைக் கூண்டுக்குள்ள போட்டா நாய்க்கு ஆறுதலா?

பழையலீஷ் | செவ்வாய், இரவு 9.30

புதிய சோடி சோதனையில் தேறும் வரை வர வேண்டாம். வந்தால் நாய் ரெண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும், எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். தேறின பிறகு வரலாம், ஆனால் கட்டளை சொல்லக் கூடாது, லீஷ் புது ஆளின் கையில் இருக்க வேண்டும்.

ரீசேட்டை உள்ளே போடாதீர்கள். மலினோவா துணியைக் கிழித்து விழுங்கும், குடல் அடைத்தால் சத்திரசிகிச்சைதான். ஆறுதல் வேண்டுமென்றால் கழுவாமல், கூண்டுக் கம்பிக்கு வெளியே, வாய் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பக்கத்திலேயே புது ஆள் போட்ட ரீசேட் ஒன்றையும். பழையதை நாலாம் நாள் கழற்றலாம். புதியதை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காற்று | செவ்வாய், இரவு 9.41

சரி அண்ணை. கட்டளையளைப் பதியிற வேலை நாளைக் காலமையே. "லோஸ்" மட்டும் அஞ்சு தரம்.